இதய உறை நீர்த்தேக்கம்: காரணங்களும் மேலாண்மையும் – பாளையங்கோட்டை மருத்துவச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையின் இரு படலங்களுக்கு இடையே நீர்மம் அளவுக்கு மீறிச் சேர்வது இதய உறை நீர்த்தேக்கம் (பெரிகார்டியல் எஃப்யூஷன்) எனப்படும். சேர்ந்த நீரின் அழுத்தத்தால் இதய அறைகள் விரிய இயலாது போகும் நிலை இதய அமுக்கம் (கார்டியாக் டாம்பொனேடு) ஆகும். இக்கட்டுரை இந்நோயின் உடலியக்க அடிப்படை, காரணங்கள், கண்டறியும் முறைகள், மருத்துவம் ஆகியவற்றை விளக்குகிறது. இந்தியச் சூழலில் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகிய காசநோய்க்குத் தனிக்கவனம் அளிக்கிறது. ‘நெஞ்சில் நீர் கோத்தல்’ என்னும் ஒரே மக்கள் வழக்கு வெவ்வேறு நோய்களைக் குறிப்பதால் மருத்துவத்தில் நேரக்கூடிய பிழையையும், ‘நீர்க்கோவை’ என்னும் சொல்லில் உள்ள இருபொருள் சிக்கலையும் எடுத்துக்காட்டி, கலைச்சொல் தெளிவின் தேவையை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: இதய உறை, நீர்த்தேக்கம், இதய அமுக்கம், காசநோய், முரண் நாடி, மருத்துவக் கலைச்சொல், பாளையங்கோட்டை

முன்னுரை

தாமிரபரணியின் கிழக்குக் கரையில் அமைந்த பாளையங்கோட்டை கல்விக்கூடங்களால் பெயர் பெற்ற ஊர். மருத்துவக் கல்வியிலும் அதற்குத் தனி இடம் உண்டு. அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ஆம் ஆண்டிலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965ஆம் ஆண்டிலும் இங்குத் தோன்றின. மக்கள் ‘ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி’ என்று வழங்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோயில், தென்காசிப் பகுதிகளிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். சில கல் தொலைவுக்குள் இரு மருத்துவ மரபுகளின் கல்லூரிகள் இயங்குவதால், நோய்களைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் இங்கு இரு வேறு பொருள்களில் புழங்குகின்றன. இதய உறை நீர்த்தேக்கத்தைப் பொறுத்தவரை இச்சொற்குழப்பம் வெறும் மொழிச் சிக்கல் அன்று. உரிய காலத்தில் உரிய மருத்துவம் கிடைப்பதோடு தொடர்புடையது.

1. இதய உறையின் அமைப்பு

இதய உறை இரு பகுதிகளால் ஆனது. வெளிப்புறத்தில் நார்த்தன்மை மிக்க தடித்த உறையும், உட்புறத்தில் மெல்லிய நீர்மச் சவ்வும் உள்ளன. நீர்மச் சவ்வின் ஒரு மடிப்பு வெளியுறையின் உட்பக்கத்தையும், மற்றொரு மடிப்பு இதயத்தின் மேற்பரப்பையும் போர்த்தியுள்ளது. இவ்விரு மடிப்புகளுக்கு இடையே இயல்பாக 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை தெளிந்த நீர்மம் இருக்கும். இதயம் துடிக்கும்போது உராய்வு நேராமல் காப்பது இதன் பணி. நார் உறை கீழே உதரவிதானத்தோடும் மேலே பெருங்குழாய்களோடும் இணைந்து இதயத்தை அதனிடத்தில் நிறுத்துகிறது. திடீரென இதயம் மிகையாக விரிவதையும் தடுக்கிறது.

இந்நீர்மம் தொடர்ந்து ஊறிக்கொண்டும் நிணநீர்க் குழாய்கள் வழியாக வடிந்துகொண்டும் இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. குளத்தின் வரத்து மிகுந்தாலும், மடையும் மறுகாலும் அடைபட்டாலும் நீர்மட்டம் உயரும். இதய உறையிலும் அழற்சியால் ஊறும் நீர் மிகும்போதும், புற்றுக்கட்டி முதலியவற்றால் நிணநீர் வழி அடைபடும்போதும், சிரை அழுத்தம் உயர்ந்து வடிதல் குறையும்போதும் தேக்கம் உண்டாகிறது.

2. நீர் சேர்வதும் இதயம் அமுங்குவதும்

இந்நோயின் கடுமையை நீரின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நீர் சேரும் வேகமே பெரிதும் தீர்மானிக்கிறது. நார் உறை உடனடியாக நெகிழ்ந்து கொடுக்காது. காயத்தாலோ பெருந்தமனிக் கிழிவாலோ குருதி விரைந்து கசியும்போது 150 முதல் 200 மில்லிலிட்டரே உயிருக்கு ஊறு விளைவிக்கலாம். வாரக்கணக்கில் மெல்லச் சேரும்போது உறை படிப்படியாக விரிந்து இடங்கொடுப்பதால் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீருடனும் நோயாளி நடமாடக்கூடும். ஆயினும் விரியும் எல்லையை உறை எட்டிய பின், சிறிதளவு நீர் கூடினாலும் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. அதனாலேயே 50 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றிய அளவிலேயே நோயாளியின் மூச்சுத்திணறல் தணிந்து குருதியழுத்தம் மீள்வதைக் காணலாம்.

இதயத்தின் வலப்புற அறைகள் மெல்லிய சுவரும் குறைந்த அழுத்தமும் உடையவை. ஆகவே அவையே முதலில் அமுங்குகின்றன. உடலிலிருந்து திரும்பும் குருதி இதயத்துள் நுழைய இயலாமல் சிரைகளில் தேங்குகிறது, கழுத்துச் சிரைகள் புடைக்கின்றன, கல்லீரல் பெருக்கிறது, கால்கள் வீங்குகின்றன. இதயத்தில் நிறையும் குருதி குறைவதால் வெளியேற்றப்படும் குருதியும் குறைகிறது. அதனை ஈடுசெய்ய நாடித்துடிப்பு விரைகிறது. ஈடுசெய்யும் ஆற்றல் தீரும்போது குருதியழுத்தம் சரிகிறது.

மூச்சை உள்ளிழுக்கும்போது வலப்புற அறைகளுக்கு வரும் குருதி கூடுகிறது. உறை விரிய இடமில்லாததால் இரு கீழறைகளுக்கும் இடைப்பட்ட சுவர் இடப்புறம் தள்ளப்படுகிறது. இடக் கீழறையில் நிறையும் குருதி குறைகிறது. இதன் விளைவாக உள்மூச்சின்போது சுருக்க அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்திற்கு மேல் வீழ்கிறது. செருமானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1873ஆம் ஆண்டில் இதனை ‘முரண் நாடி’ எனப் பெயரிட்டு விளக்கினார். குருதியழுத்தமானி ஒன்றைக் கொண்டே இதனை அளக்க இயலும் என்பதால், வசதி குறைந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயன்படும் அறிகுறி இது.

3. காரணங்கள்

3.1 காசநோய்

செல்வம் மிக்க நாடுகளில் இதய உறை நீர்த்தேக்கத்திற்குக் காரணம் புலப்படாத அழற்சி, நுண்ணுயிரி (வைரசு) தொற்று, புற்றுநோய் ஆகியவை முன்னிற்கின்றன. காசநோய் பரவலாக உள்ள இந்தியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் காசநோய் முதன்மைக் காரணமாக விளங்குகிறது. ஆகவே தமிழ்நாட்டில் பெருமளவு நீர்த்தேக்கத்துடன் வரும் நோயாளியிடம் காசநோய் உள்ளதா என்னும் வினா தவறாமல் எழுப்பப்பட வேண்டும்.

நடுமார்புப் பகுதியின் நிணநீர்க் கணுக்களிலிருந்தே பெரும்பாலும் காசக்கிருமி உறையை அடைகிறது. குருதி வழியாகப் பரவுவதும் உண்டு. நோய் நான்கு நிலைகளில் முதிர்கிறது. முதலில் உறையில் நார்ப்புரதம் படிந்த அழற்சி தோன்றுகிறது. அடுத்து நீர் சேர்கிறது. பின்னர் நீர் உறிஞ்சப்பட்டு உறை தடிக்கிறது. இறுதியில் உறை இறுகி, சுண்ணாம்பு படிந்து, இதயத்தை ஓடுபோல் கவ்விக்கொள்கிறது. இறுதி நிலை இறுக்க இதய உறையழற்சி எனப்படும். எல்லா நோயாளிகளும் எல்லா நிலைகளையும் கடப்பதில்லை என்றாலும், இரண்டாம் நிலையில் தடுக்கத் தவறியதை நான்காம் நிலையில் பெரும் அறுவையால் சரிசெய்ய வேண்டியதாகிறது.

இவ்வகை நீரில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு. கிருமியின் புரதங்களுக்கு எதிரான உடலின் மிகையெதிர்வினையே நீர் ஊறுவதற்குப் பெரிதும் காரணம். எனவே நீரில் கிருமி காணப்படவில்லை என்பதனால் மட்டும் காசநோய் இல்லை என முடிவு செய்வது பொருந்தாது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை, பல வார மூச்சிரைப்பு ஆகியவை துணைச் சான்றுகள். ஊட்டக்குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை காசநோய் வருவதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

3.2 பிற காரணங்கள்

சிறுநீரகச் செயலிழப்பு முதிர்ந்தோரிடம் கழிவுப்பொருள் தேக்கத்தால் உறையழற்சி தோன்றுகிறது. கேடயச் சுரப்பி (தைராய்டு) குறைவாகச் சுரக்கும் நிலையில் நீர் மிக மெல்லச் சேர்வதால் பெருந்தேக்கம் இருந்தும் அமுக்கம் அரிதாகவே நேர்கிறது. நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களும் நிணநீர்ப் புற்றும் உறைக்குப் பரவலாம். லூபஸ், முடக்குவாதம் முதலிய தன்னெதிர்ப்பு நோய்கள், மாரடைப்பு, இதய அறுவைக்குப் பிந்தைய அழற்சி, மார்பில் விழும் அடி, கதிர்வீச்சு மருத்துவம், சில மருந்துகள் ஆகியவையும் காரணங்களாகின்றன. சீழ் பிடித்த நீர்த்தேக்கம் அரிது. எனினும் விரைந்து உயிர் குடிப்பது. கல்லீரலின் இடமடலில் தோன்றும் அமீபாச் சீழ்க்கட்டி உறைக்குள் உடைவது வெப்ப நாடுகளுக்கே உரிய இடர்.

4. கண்டறிதல்

தாழ்ந்த குருதியழுத்தம், புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய இதய ஒலி ஆகிய மூன்றையும் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் 1935ஆம் ஆண்டில் ஒருங்கே எடுத்துரைத்தார். விரைவாக நேரும் அமுக்கத்திற்கே இம்முக்குறி பொருந்துகிறது. காசநோயில்போல் மெல்லச் சேரும் தேக்கத்தில் மூன்றும் ஒருசேரத் தோன்றுவது குறைவு. ஆகவே முக்குறி இல்லாமை நோய் இல்லாமை ஆகாது.

மார்பு எக்ஸ்ரே படத்தில் இதய நிழல் அடிபருத்த குடம்போல் தோன்றும். ஆனால் ஏறத்தாழ 200 மில்லிலிட்டருக்கு மேல் நீர் சேர்ந்த பின்னரே நிழல் பெருக்கும். நிழல் பெருத்திருந்து நுரையீரல் தெளிவாக இருப்பின், அது இதயச் செயலிழப்பன்று, நீர்த்தேக்கமாக இருக்கலாம் என ஐயுற வேண்டும். இதய மின்வரைபடத்தில் அலைகளின் உயரம் குறைந்திருக்கும். பெருந்தேக்கத்தில் இதயம் நீருக்குள் ஊசலாடுவதால் அலைகளின் உயரம் துடிப்புக்குத் துடிப்பு மாறி மாறி அமையும்.

உறுதி செய்யும் ஆய்வு மீயொலி இதயவரைவு. மக்கள் வழக்கில் ‘எக்கோ’. சுவீடன் நாட்டின் இங்கே எட்லரும் ஹெல்முட் ஹெர்ட்சும் 1953ஆம் ஆண்டில் மீயொலியால் இதய அசைவைப் பதிவு செய்தனர். 1965ஆம் ஆண்டில் ஹார்வி ஃபைகன்பாம் நீர்த்தேக்கத்தை இம்முறையால் கண்டறியலாம் என எடுத்துக்காட்டினார். இதய விரிவுநிலையில் அளக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டருக்குக் குறைவெனில் சிறுதேக்கம், 10 முதல் 20 வரை இடைநிலைத் தேக்கம், 20க்கு மேல் பெருந்தேக்கம் என வகுப்பர். வல மேலறையும் வலக் கீழறையும் விரியவேண்டிய வேளையில் உள்ளொடுங்குவது அமுக்கத்தின் அடையாளம்.

எடுக்கப்பட்ட நீரில் புரதம், அணுக்களின் வகை, கிருமி வளர்ப்பு, புற்றணு ஆய்வு ஆகியவை பார்க்கப்படுகின்றன. காசநோய்க்கு மரபணுப் பெருக்க ஆய்வும் (சிபிநாட்) அடினோசின் டிஅமினேசு நொதி அளவும் உதவுகின்றன. இந்நொதி லிட்டருக்கு 40 அலகுக்கு மேல் இருப்பது, பிற சான்றுகளோடு சேர்த்து நோக்கும்போது, காசநோயைச் சுட்டுகிறது.

5. மேலாண்மை

5.1 அமுக்கத்தை நீக்குதல்

அமுக்கம் இல்லாத சிறுதேக்கத்திற்கு நீரை எடுக்க வேண்டுவதில்லை. காரணத்தை அறிந்து மருத்துவம் செய்து, இடைவெளிவிட்டு எக்கோ பார்த்தால் போதும். அமுக்கம் நேர்ந்துவிட்டால் நீரை வெளியேற்றுவதே உயிர்காக்கும் மருத்துவம். மருந்துகள் அதற்கு மாற்றாகா. எக்கோவின் துணையுடன் மார்பெலும்பின் கீழ்முனை அருகேயோ, நீர் மிகுதியாகவும் நெருக்கமாகவும் உள்ள விலா இடைவெளியிலோ ஊசி செலுத்தி, அதன் வழி மெல்லிய வளைகுழாய் வைக்கப்படுகிறது. பெருந்தேக்கத்தை ஒரே மூச்சில் முழுவதும் வடித்தால் இதயம் திடீரெனச் சுமையேற்றுத் தளரலாம் என்பதால் படிப்படியாக வடிக்கப்படுகிறது. ஒரு நாளில் வடியும் அளவு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிலிட்டருக்குக் கீழ் வந்தபின் குழாய் அகற்றப்படும். மீண்டும் மீண்டும் நீர் சேர்வோர்க்கும், சீழ் அல்லது உறைந்த குருதி உள்ளோர்க்கும் அறுவையால் உறையில் திறப்பு அமைக்கப்படுகிறது. பெருந்தமனிக் கிழிவால் நேர்ந்த குருதித் தேக்கத்திற்கு அவசர அறுவையே வழி.

நீரை எடுக்கும் வரையிலான இடைவேளை முக்கியமானது. குருதியழுத்தம் சரிந்தவர்க்குச் சிரைவழி உப்புநீர் அளிப்பது தற்காலிகமாக உதவலாம். சிறுநீர்ப் பெருக்கி மருந்துகளும் குருதிக்குழாய் விரிமருந்துகளும் தவிர்க்கப்பட வேண்டும். அமுங்கிய இதயத்துள் குருதியைச் செலுத்துவது உயர்ந்த சிரை அழுத்தம் ஒன்றே. அதனைக் குறைக்கும் மருந்து எஞ்சிய குருதியோட்டத்தையும் குறைத்துவிடும். செயற்கை மூச்சுக்கருவி பொருத்துவதும் இதே காரணத்தால் இடர் மிக்கது.

5.2 காரணத்திற்கேற்ற மருத்துவம்

நுண்ணுயிரியால் அல்லது காரணம் புலப்படாமல் தோன்றும் அழற்சிக்கு அழற்சி நீக்கிகளும் கோல்சிசினும் அளிக்கப்படுகின்றன. சிறுநீரகச் செயலிழப்பில் குருதிச் சுத்திகரிப்பும், கேடயச் சுரப்பிக் குறைவில் தைராக்சினும் தீர்வாகின்றன.

காசநோய்க்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கு மருந்துகள் இரண்டு மாதமும், பைராசினமைடு நீங்கலான மூன்று மருந்துகள் அடுத்த நான்கு மாதமும் நாள்தோறும் தரப்படுகின்றன. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் இவற்றை இலவசமாக வழங்குகிறது. இம்மருத்துவத்தை வீட்டிலிருந்தபடியே பெறலாம் என்னும் உலகளாவிய நடைமுறைக்கு அடித்தளமிட்டது, 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துமருத்துவ மையத்தின் ஆய்வாகும். காசநோய் இல்லத்தில் தங்கி மருந்து உண்போரைப் போலவே வீட்டில் உண்போரும் குணமடைவர் என அது நிறுவியது. அம்மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

இயக்குநீர் மருந்தாகிய பிரெட்னிசொலோனைச் சேர்த்துக் கொடுப்பதால் நன்மை உண்டா என்பது நெடுநாள் விவாதம். போங்கானி மயோசி தலைமையில் எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் 1400 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறப்பு, வடித்தலை வேண்டும் அமுக்கம், இறுக்க உறையழற்சி ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கும்போது அம்மருந்தால் பயன் காணப்படவில்லை. தனித்து நோக்கும்போது இறுக்க உறையழற்சி 7.8 விழுக்காட்டிலிருந்து 4.4 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரிடம் அத்தொற்றுசார் புற்றுநோய்கள் கூடின. தில்லியில் ஜி.பி. தல்வார் குழுவினர் தொழுநோய்த் தடுப்பூசிக்கென உருவாக்கிய மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிராணியும் இவ்வாய்வில் சோதிக்கப்பட்டது. அதனால் பயன் விளையவில்லை. ஆகவே இயக்குநீர் மருந்தை நோயாளியின் நிலையறிந்து அளிப்பதே தகும். ரிஃபாம்பிசின் பிரெட்னிசொலோனின் செயலாற்றலைக் குறைக்கும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

5.3 தொடர்மருத்துவம்

நீர் வடிந்ததும் மூச்சிரைப்பு நீங்கிவிடுகிறது. நோயாளி தம்மை முழுநலம் பெற்றவராகக் கருதுகிறார். மருந்தை இடையில் நிறுத்தும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவதைக் குருதிப்போக்கென அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. இவ்விரண்டையும் முதல் நாளிலேயே எடுத்துரைப்பது மருத்துவத்தின் பகுதியே ஆகும். 2018ஆம் ஆண்டில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய மைய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024ஆம் ஆண்டில் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்கீழ், கடும் ஊட்டக்குறைவு, மூச்சுத் தளர்ச்சி, துணையின்றி நிற்க இயலாமை ஆகிய எளிய அளவைகளால் கடும் நோயாளிகளைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கின்றனர். இதய உறைக் காசநோயாளர் இவ்வலைக்குள் அகப்பட வாய்ப்பு மிகுதி. மூச்சுத் தளர்ச்சியுடன் வருவோர்க்கு முரண் நாடியும் அளக்கப்படுமாயின் பயன் மேலும் கூடும்.

6. ஒரு சொல், பல நோய்கள்

நெல்லை வட்டாரத்தில் ‘நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு’ என்னும் தொடர் குறைந்தது மூன்று நோய்களைக் குறிக்கிறது. நுரையீரலைச் சூழ்ந்த உறையில் நீர் சேர்வது ஒன்று. இதயம் தளர்ந்து நுரையீரலுக்குள்ளேயே நீர் கோப்பது மற்றொன்று. இதய உறையில் நீர் தேங்குவது மூன்றாவது. மூன்றிலும் மூச்சிரைக்கும், பின்னிரண்டில் கால் வீங்குவதும் பொதுவானது. ஆனால் மருத்துவம் வேறு. இரண்டாம் நிலைக்கு உயிர்காக்கும் ‘நீர் மாத்திரை’, மூன்றாம் நிலை அமுக்கமாக முதிர்ந்திருப்பின் உயிருக்கு ஊறாகும். முன்பொரு முறை நெஞ்சில் நீர் கோத்ததற்குத் தந்த மாத்திரையை மறுமுறை தாமாகவே வாங்கி உண்ணும் வழக்கத்தோடு இச்சொல் சேரும்போது பிழைக்கு வழி திறக்கிறது. நோயாளியின் பழைய சீட்டில் ‘நெஞ்சு நீர்’ என்று மட்டும் இருப்பின், அடுத்துப் பார்க்கும் மருத்துவர்க்கும் அது உதவாது.

எழுத்துத் தமிழில் ‘இதய உறை நீர்க்கோவை’ என்னும் ஆட்சியும் உண்டு. சித்த மருத்துவத்திலோ நீர்க்கோவை என்பது தலையில் நீரேற்றம், மூக்கடைப்பு, தலைக்கனம் ஆகியவற்றோடு கூடிய நோய். நீர்க்கோவை மாத்திரை அதற்குரிய பற்று மருந்தாக மக்களிடம் நன்கு அறிமுகமானது. இரு மரபினரும் பயிலும் பாளையங்கோட்டையில் இச்சொல்லை இதய நோய்க்கு ஆள்வது தெளிவைக் குறைக்கும். ‘நீர்த்தேக்கம்’ என்னும் சொல் அணையும் குளமும் அறிந்த மக்களுக்குப் பொருள் விளங்குவது; வேறொரு நோயின் பெயராக வழங்காதது. ‘டாம்பொனேடு’ என்பதற்கு ‘அடைப்பு’ என எழுதுவோரும் உளர். அடைப்பு என்றதும் மக்கள் நினைப்பது மாரடைப்பையும் குருதிக்குழாய் அடைப்பையுமே. ஆகவே ‘இதய அமுக்கம்’ என்பதே பொருந்துவது.

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கும்போது மக்கள் வழக்கையும் மரபுச் சொற்களையும் ஆய்ந்து ஆண்டார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அத்தகைய ஆய்வின் தேவை நீங்கவில்லை. கலைச்சொல்லாக்கம் மொழித்துறையின் தனிப்பணியாக நின்றுவிடாமல், மருத்துவத் துறையினரும் சித்த மருத்துவத் துறையினரும் உடனிருந்து செய்யும் பணியாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

இதய உறை நீர்த்தேக்கம் ஒரு தனி நோயன்று. பல நோய்களின் வெளிப்பாடு. நீரின் அளவைவிட அது சேரும் வேகம் அமுக்கத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுச் சூழலில் காசநோயை முதன்மையாக ஐயுற வேண்டும். நீரில் கிருமி காணாமை அந்நோய் இன்மைக்குச் சான்றாகாது. அமுக்கம் நேர்ந்தால் நீரை வடிப்பதே மருத்துவம். சிறுநீர்ப் பெருக்கிகள் தவிர்க்கப்பட வேண்டியவை. ஆறு மாத மருந்தை நிறைவு செய்வதே இறுக்க உறையழற்சியைத் தவிர்க்கும் வாய்ப்பைத் தருகிறது.

இவை அனைத்தும் நோயாளிக்குச் சென்று சேரும் ஊடகம் தமிழே. மருத்துவமனைச் சீட்டிலும் விடுவிப்புக் குறிப்பிலும் ‘இதய உறையில் நீர்த்தேக்கம்; நீர் மாத்திரை தாமாக உண்ணலாகாது’ என ஒரு வரி தெளிவாக எழுதப்படுமாயின், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சிற்றூரின் சுகாதார நிலையத்திற்கு நள்ளிரவில் மூச்சிரைப்புடன் வரும் நோயாளிக்கு அவ்வரியே முதல் மருத்துவமாக அமையும்.